ஒத்துக்கொள்ளச் சொன்ன வக்கீல்

நீதிபதி அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருடம் வக்கீல் தொழில் பார்த்தாலும், பாதியில் பேனா கீழே போனால் கேஸில் ஏதோ சிக்கல் என்று அர்த்தம்.

கூண்டில் நின்றவர் வெள்ளையன், மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டு விவசாயி. மாடு திருடியதாக வழக்கு. இலவச சட்ட உதவியில் எனக்கு வந்தது. அன்று எனக்கு நாலு கேஸ், நிற்க நேரமில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னேன்: "மாட்ட நீதானப்பா எடுத்தே? ஒத்துக்கோ. ஃபைனோட முடிஞ்சிடும். இல்லன்னா ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிலேர்ந்து எறங்கி வரணும்."

சின்னத் திருட்டு கேஸ் எல்லாவற்றுக்கும் நான் கொடுத்த மருந்து அதுதான். வெள்ளையனும் சொன்னபடி ஒத்துக்கொண்டார். நீதிபதி விடவில்லை.

"எதுக்கு எடுத்தீங்க?"

"என் கொல்லையில போட்ட சாமப் பயிர மேஞ்சிடுச்சிங்க. புடிச்சி வூட்டு வாசல்ல கட்டி, தண்ணி காட்டினேன். எங்க பக்கம் அப்டித்தாங்க, மாட்டுக்காரன் வந்து பேசிட்டு ஓட்டிக்கினு போவான். கீழ ஆலங்காயத்துல மாட்டுக்காரன விசாரிச்சி சொல்லச்சொல்லி, மலைக்கு ஆள் ஏத்துற ஜீப்புக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேன். மூணு நாளா யாரும் வரல. நாலாம் நாளு போலீசு வந்துச்சி."

"அப்புறம் ஏன் குற்றத்த ஒத்துக்கிறீங்க?"

"வக்கீல் சார்தாங்க ஒத்துக்கச் சொன்னாரு."

கோர்ட்டே சிரித்தது. என் மானம் கப்பலேறியது. "மாட்ட எடுத்தத ஒத்துக்கிறார், திருடுற எண்ணத்த ஒத்துக்கல. இத நான் பதிய முடியாது. கேஸ நடத்துங்க சார்" என்றார் நீதிபதி. திருடும் எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை என்பது சட்டக் கல்லூரிப் பாலபாடம். எனக்குத் தெரியாததல்ல. கேட்கத்தான் நேரமில்லை.

ஏழு வாய்தா ஆனது. ஏழுக்கும் வெள்ளையன் விடியலில் நடந்து, ஜீப் பிடித்து வந்தார். அந்த ஜீப்புக்காரர் வந்து சாட்சி சொன்னார். விடுதலை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இன்னா வெள்ளையா, சந்தோசம்தானே?"

"எனக்கு சந்தோசம் சார். ரெண்டு வருசத்துக்கு முந்தி என் தம்பி கேசுக்கும் நீங்கதான் வக்கீலு. பைக் திருட்டுன்னு புடிச்சாங்க. நீங்க சொன்னீங்கன்னு ஒத்துக்கினான். அப்புறம் கவர்மெண்ட் வேலைக்குக் கூப்ட்டு, கேசு இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எதுக்கு எடுத்தேன்னு அவன யாருமே கேக்கலியே சார்?"

அந்தத் தம்பியின் முகம் எனக்கு நினைவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பழைய கேஸ் கட்டை அவிழ்த்தேன். என் கையெழுத்தில் ஒரே வரி: 'குற்றம் ஒப்புக்கொண்டார்.'

இளம் வக்கீல்களுக்கு ஒன்று சொல்வேன். எடுத்தாயா என்று கேட்டதோடு விடாதீர்கள், எதற்கு எடுத்தாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். இப்போது நான் எல்லோரிடமும் கேட்கிறேன். அந்தத் தம்பியிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. திருடத்தான் எடுத்தேன் என்று அவன் சொன்னால் எனக்கு நிம்மதி. அப்படிச் சொல்லமாட்டானோ என்ற பயத்தில்தான் மலை ஏறாமல் இருக்கிறேன்.