என் கட்டிலில் கோல்கீப்பர்

இரண்டு வருடங்களுக்கு முன் திருச்சியில் நடந்தது இது. நான் ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். எங்கள் சொந்த மைதானத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால், அந்த சீசனில் அங்கே ஆட வேண்டிய ஆட்டங்களில் பாதியைத் திருச்சியில் ஆட வேண்டியதாயிற்று.

"உனக்கென்ன, வீட்டுக்குப் போற மாதிரி" என்றார்கள் எல்லோரும். என் வீடு ஸ்ரீரங்கத்தில்தான். ஆனால் பஸ், ஓட்டல், மைதானம், மறுபடி பஸ் என்று அலைந்ததில், காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வீட்டில் ஒரு தூக்கம் தூங்க வாய்க்கவில்லை. வீரர்களின் கால்களைத் தேய்த்துவிட்டுத் தேய்த்துவிட்டு என் கைகள் மரத்துப் போயிருந்தன. ஊர் ஊராக அலைகிற இந்த வேலை அப்பாவுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. அதனால் வீட்டில் எதையும் சொல்வதில்லை.

ஒரு ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. மணிப்பூர்க்காரர். சில நாட்களுக்குப் பயணமே கூடாது என்றார் டாக்டர். அணியோ அடுத்த ஊருக்கு அன்றே கிளம்ப வேண்டும். ஓட்டலில் தனியாக இருந்துகொள்கிறேன் என்று அவர் சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தயங்கித் தயங்கி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இதுல என்னடி யோசனை? நம்மாத்துக்கு அழைச்சுண்டு வா."

மாடி ஏற முடியாதே என்று கீழே இருந்த என் அறையையே கொடுத்தார்கள். என் கட்டிலில் அவரைப் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை வைத்துவிட்டு, அம்மா நீட்டிய காபியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பொறாமைதான், வேறென்ன!

நாலைந்து நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். அவர் ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார். கோல்கீப்பருக்கு நல்ல பேச்சுத்துணை. நாங்கள் தோற்ற ஆட்டத்தை இருவரும் சேர்ந்து செல்போனில் பார்த்திருக்கிறார்கள்.

"தோத்ததை விடு. அத்தனை பேர் காலையும் பார்த்துட்டு, நீ சாப்பிடாமலே தூங்கிடறியாமே? அந்தப் பிள்ளை எல்லாம் சொன்னான். எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

அப்பாவே தொடர்ந்தார்.

"அடுத்த தடவை டீம் திருச்சிக்கு வரச்சே கோச்சைக் கேட்டுண்டு வந்து, இங்கே ஒரு நாள் தூங்கு. அவனை ஹால்ல படுக்க வெச்சுக்கறேன்."

போனேன். மறுநாள் மத்தியானம் வரை யாரும் என்னை எழுப்பவில்லை.

அந்த சீசனில் ஜெயித்ததும் தோற்றதும் மறந்துவிட்டது. எனக்காக என் அப்பாவிடம் பேச எங்கிருந்தோ ஒருவர் வந்தார் என்பது மட்டும், களைத்துப் போகிற ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வருகிறது.