பெருமாள்சாமியின் மூக்கு

கன்டோன்மென்ட் ஐஸ் ஃபேக்டரியில் மர்பி டவுன் பெருமாள்சாமிக்கு ஒரே வேலைதான். அமோனியா கேஸ் எந்தக் குழாயில் கசிகிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்ல வேண்டும். மெஷின் வெள்ளைக்காரன் காலத்துக் கிழம். கசியாத நாளே இல்லை.

ஆனால் அவர் மூக்கு செத்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் குழாய் வெடித்தபோது உள்ளே ஓடி வால்வை மூடியவர் அவர்தான். அன்றோடு வாசனை போனது போனதுதான். வேலை போய்விடுமே என்று, அல்சூர் சந்தையில் மீன் விற்கும் மனைவி எல்லம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. கேஸ் கசிந்தால் கண் எரியும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே விரலை நீட்டுவார். கண்ணீர் வழிய அவர் குழாய் குழாயாக நடப்பதைப் பார்த்தவர்கள், மெஷின்மேல் இத்தனை பாசமா என்று வியந்தார்கள்.

ஐம்பத்தெட்டில் புது மெஷின் வந்தது. அதன் கேஸுக்கு நாற்றமும் இல்லை, எரிச்சலும் இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜை கண்ட மெஷினைச் சும்மா கழற்றலாமா? தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரித்தார்கள். மிச்சமிருந்த கேஸ் வெளியே வந்தது. பெருமாள்சாமி அழுதார். எல்லோரும் அழுதார்கள். மேனேஜர் கஸ்தூரிரங்கனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மனம் இளகிவிட்டது.

"உன்னைக் கைவிட மாட்டேன், பெருமாள்சாமி. மீனை ஐஸ்ல வெக்கப் புதுசா ஒரு ரூம் தொறக்கறோம். நான் அந்தப் பக்கமே வரமுடியாது, தெரியுமோன்னோ. எது நல்ல மீன், எது கெட்டதுன்னு நீதான் மோந்து சொல்லணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வீட்டில் எல்லம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "உள்ளதைச் சொல்லிடுய்யா. மீனு விசயத்துல பொய் சொன்னா ஊருக்கே வயித்தால போவும்."

மறுநாள் சொன்னார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ மெஷினைப் பாத்து அழுதியே?"

"கேஸுங்க ஐயா."

"நான் அழுதேனே?"

"அதுவும் கேஸுதாங்க."

கஸ்தூரிரங்கனுக்கு இது ரசிக்கவில்லை. "எப்போ போச்சு மூக்கு?"

"வால்வு மூடுன அன்னிக்குங்க."

அன்று வாசலில் நின்றுகொண்டு "உள்ளே போய் மூடுடா" என்று கத்தியவர் கஸ்தூரிரங்கன்தான். வெட்கமாக இருந்தது. மேஜைமேல் இருந்த காகிதங்களைக் காரணமில்லாமல் அடுக்கினார்.

"சரி, இங்கேயே இரு. மீனை யார் மோந்து பாக்கறது?"

"எம் பொஞ்சாதி மீன்காரிங்க. அவ மூக்கு ரெண்டு பேருக்கும் போதும்."

எல்லம்மா வேலைக்கு வந்தாள். பெருமாள்சாமி கூடை தூக்கினார். ஒருநாள் மீன் ஏஜென்ட் தியோடர் கொண்டுவந்த வஞ்சிரத்தை அவள் மோந்து பார்த்து, ஆகாது என்று தள்ளிவிட்டாள். தியோடருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீ இன்னாம்மா சொல்றது? உன் புருஷன் மூக்கு எப்பேர்ப்பட்ட மூக்கு! அவரு சொல்லட்டும்."

பெருமாள்சாமி மீனை வாங்கி, கண்ணை மூடி, நிதானமாக மோந்து பார்த்தார்.

"அவ சொன்னா சரிங்க" என்றார்.