உப்புக் கஞ்சி போட்ட வேட்டி

பங்குனியில் நூல் அறும். மேற்கிலிருந்து வரும் காற்று தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய்த் திரும்புவதற்குள் எங்கோ ஓர் இழை விட்டுப்போகும். அதே பங்குனியில்தான் தோட்டமும் கூப்பிடும். தென்னைக்குப் பாத்தி கொத்திக் காய்ந்த மட்டையால் மூட வேண்டும், புளி உடைக்க வேண்டும், கத்தரிக்கு இரண்டு வேளையும் தண்ணீர். முடிச்சூரில் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தபிறகு நடுவில் மிஞ்சிய துண்டு நிலம் எங்களுடையது. தறியில் உட்கார்ந்தால் கத்தரி வாடும். கத்தரிக்குப் போனால் பாவு காயும்.

அந்த வருஷம் ஒரு வேட்டி நெய்ய வேண்டியிருந்தது. கணவர் போய் ஒரு வருஷம் நிறைகிற திதிக்குப் படையலில் புது வேட்டி வைக்க வேண்டும். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நாத்தனார் போனில் சொன்னார். நானே நெய்கிறேன் என்றேன். நான் நெய்ததைத்தான் அவர் கட்டுவார். அழுகை எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

பக்கத்து அடுக்குமாடிப் பெண் எல்லாப் பங்குனியிலும் எங்கள் மாடியில்தான் வடாம் போடுவாள். அவர்கள் மொட்டைமாடிக்கு அசோசியேஷன் பூட்டுப் போட்டிருக்கிறது. துக்க வீட்டில் வடாம் கிளறலாமா என்று யாரோ கேட்டார்களாம். மாவு என்னுது, துக்கம் அவங்களுது, அடுப்பு மட்டும்தான் பொது என்று பதில் சொன்னதாக என்னிடமே வந்து சொன்னாள்.

அன்று காலை கொல்லை அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒன்றில் அவளுடைய வடாம் கூழ், மற்றதில் பாவுக்குப் போடுகிற என் சோற்றுக் கஞ்சி. மாடியில் ஷீட் விரிக்கப் போகிறவள், உப்பையும் பெருங்காயத் தண்ணீரையும் கூழில் கலந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கலந்தேன். கூழை எடுத்து நாக்கில் வைத்தும் பார்த்தேன். சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. அவள் பிழியப் போனாள். நான் தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிட்டேன்.

சாயங்காலம் தறியில் ஏற்றி நெய்யத் தொடங்கியதும் ஓர் இழை அறுந்தது. அறுந்த நுனியை நாக்கில் நனைத்து முறுக்கித்தான் ஒட்டுவோம். நனைத்தேன். உப்பு. பின்னாலேயே பெருங்காயம்.

பக்கத்து இழையையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். காலையில் நான் கலந்தது கஞ்சிப் பாத்திரத்தில்.

அரைகுறையாகக் காய்ந்த வடாமோடு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"இன்னாக்கா, இதுல உப்பே காணோம்?"

பாவைக் காட்டினேன். குனிந்து முகர்ந்தாள்.

"அப்போ அண்ணனுக்கு இந்த வாட்டி வேட்டியவே பொரிச்சு வெச்சுடலாம்."

சொன்ன பிறகு அவள் முகம் செத்துப்போனது. அவர் வடாம் பிரியர். முதல் ஈடு பொரிக்கும்போது அடுப்படியிலேயே நிற்பார். நான் சிரிக்கவில்லை, கோபமும் வரவில்லை. வேறு பாவு ஓட்டத் திதிக்குள் முடியாது என்று மட்டும் சொன்னேன். தெரியாத மாதிரி நெய்யுங்கள் என்றாள்.

நெய்தேன். தறிக்காலைச் சுற்றி எறும்பு வந்தது, மஞ்சள்தூள் போட்டேன். உப்பு எங்கிருந்தோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டது போல. அதற்குப் பிறகு காற்று எவ்வளவு அடித்தும் நூல் அவ்வளவாக அறவில்லை. நான் பாத்தி கொத்திவிட்டு வருகிறவரை பாவு பொறுத்திருந்தது. திதிக்கு முந்தின நாள் வேட்டியைத் தறியிலிருந்து அறுத்தேன்.

புதுத் துணியை நனைக்காமல் வைப்பதுதான் எங்கள் வழக்கம். நுனியில் மஞ்சள் தடவிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் அணைந்ததும் நாத்தனார் மூச்சை இழுத்தார்.

"சாம்பார் நல்லா மணக்குது அண்ணி."

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது இலையில் அவள் கொண்டுவந்த வடாமும் இருந்தது. ஒன்றைக் கடித்தேன். வெறும் மாவு.

"கொஞ்சம் உப்பு வையேன்" என்றேன்.

ஒரு வருஷமாகப் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்தவள் நான். நாத்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி உப்பு ஜாடியை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு வடாம் போட்டாள்.