வெள்ளைப் புடவைக்கு மைனஸ் ஒன்று

இரண்டாயிரத்து ஆறில் என்னிடம் ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. படம் எடுக்கத் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கையில் கேமரா வைத்திருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று மற்றவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அவர்களில் என் தோழியும் ஒருத்தி. இருவருக்கும் சிதம்பரத்தில் ஒரே அலுவலகம். கடலூரிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். கடலூர் ஓல்டு டவுன் பக்கம் ஒரு சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, வீடியோவுக்கு மட்டும் ஆள் சொல்லியிருந்தார்கள்.

"போட்டோ நீதான் எடுக்கணும். தெரியாத ஆளு சிரிம்மா சிரிம்மான்னா எனக்கு சிரிப்பே வராது" என்றாள்.

கேமராவின் தலையில் ஒரு சின்ன டயல் உண்டு. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் ப்ளஸ், மறுபக்கம் மைனஸ். ப்ளஸ்ஸில் வைத்தால் படத்துக்கு வெளிச்சம் கூடும், மைனஸில் வைத்தால் குறையும். அதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பெயர். அதுவரைக்கும் எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் கூட வந்த புத்தகத்தில், வெள்ளையான பொருளை எடுக்கும்போது ப்ளஸ்ஸில் வைக்கச் சொல்லியிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். வெள்ளையைப் பார்த்தாலே கண் கூசுகிறது, அதற்கு மேலும் வெளிச்சம் எதற்கு?

கல்யாணத்தன்று அவள் வெள்ளைப் புடவையும் தலையில் வெள்ளை நெட்டும் வெள்ளைக் கையுறையுமாக, வெள்ளையடித்த சர்ச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் இருந்த பூவும் வெள்ளை. நான் யோசித்து, டயலை மைனஸ் ஒன்றுக்குத் திருப்பினேன். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு ரோல் முழுவதையும் எடுத்து முடித்தேன்.

பிரிண்ட் வந்தபோது புடவை சாம்பல் நிறத்தில் இருந்தது. சுவரும் அப்படியே. அவள் முகத்தில் பல்லும் கண்ணும்தான் தெரிந்தன. வேடிக்கை என்னவென்றால், கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளையோடு நெருங்கி நின்ற படங்கள் நன்றாக வந்திருந்தன. அதே டயல், அதே வெயில்.

சிதம்பரத்தில் அவள் புகுந்த வீட்டில் ஆல்பம் கைமாறிப் போனபோது நானும் இருந்தேன். நாத்தனார் சொன்னாள்: "எங்க அண்ணன் பக்கத்துல நின்னாதான் அண்ணி பளிச்சுன்னு இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தோழியும் சிரித்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "வுடுடி. இருக்குற கலருதான வரும்" என்றாள்.

நீ அவ்வளவு கறுப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கறுப்புதான். அந்தக் கறுப்பில்தான் அவள் அழகு. இல்லை என்று சொன்னால் எதை இல்லை என்கிறேன்? காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பிரிண்ட் போட்ட லேபுக்குப் போனேன். அங்கே மெஷினை ஓட்டியது என் வயதை ஒட்டிய ஒரு பெண். நான் செய்ததைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்கு ப்ளஸ்லதான் வைக்கணும்க்கா" என்றாள். "கேமராவுக்கு வெள்ளை கறுப்புலாம் தெரியாது. எல்லாத்தையும் நடுவுல, சாம்பலாக்கப் பாக்கும். இது வெள்ளைன்னு நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்கு வந்து மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளைப் போர்வையைக் காயப்போட்டு, பூஜ்யத்தில் ஒன்று, ப்ளஸ் ஒன்றில் ஒன்று, ப்ளஸ் இரண்டில் ஒன்று என்று எடுத்தேன். பிரிண்ட் வந்தது. மூன்றிலும் ஒரே சாம்பல் போர்வை.

"நீங்க சொன்ன மாதிரிதான் வச்சேன். மூணும் ஒண்ணாவே இருக்கே?"

"அது எங்க மெஷின் வேலைக்கா. அதுவும் கேமரா மாதிரிதான், எல்லாத்தையும் சாம்பலாக்கும். நான் பட்டன் தட்டி மாத்தணும்."

"அப்ப ப்ளஸ் தட்டுங்க."

"ப்ளஸ் தட்டுனா இன்னும் இருட்டாயிடும். இதுல மைனஸ்தான் வெளிச்சம்."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ப்ளஸ் என்பது அவளுக்கு மைனஸ். இரண்டு மெஷின்களும் பொய் சொல்கின்றன, அதுவும் ஒரே பொய். அவளே இரக்கப்பட்டு, கல்யாண நெகடிவ் ஒன்றை எடுத்து மைனஸ் தட்டிப் போட்டுத் தந்தாள். புடவை வெளுத்தது. முகமும் கூடவே வெளுத்து, மணலைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

பழையதையும் புதியதையும் தோழியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இதுல எதுடி நான்?"

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "வெள்ளை ஜாஸ்தியா இருக்குன்னு நான்தான் அன்னிக்கு மைனஸ்ல வச்சிட்டேன்."

"அப்ப நீதான் என்னைக் கொறைச்சியா?"

கோபமா, கேலியா என்று முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த சில வாரங்கள் என்னோடுதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனால் ஆபீஸ் விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நாளைக்கு கேமராவ எடுத்துக்கிட்டு கடலூர் சர்ச்சுக்கு வா. பொடவைய அயன் பண்ணி வச்சிருக்கேன்" என்றாள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அதே சுவர் முன்னால் வந்து நின்றாள். ரவிக்கை இறுக்கமாகிவிட்டதால் ஊக்கு குத்தியிருந்தாள். பூங்கொத்துக்குப் பதில் அங்கேயே பறித்த நந்தியாவட்டை. அவள் கணவர் கேட் பக்கம் நின்று, போவோர் வருவோர் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எந்தப் பக்கம் வச்சிருக்க?"

"ப்ளஸ்."

"நெசமா?"

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து டயலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று மாற்றி மாற்றிப் பாதி ரோல் எடுத்தேன். எதை எதில் எடுத்தேன் என்று எழுதி வைக்கவில்லை.

லேப் பெண் மைனஸ் தட்டிப் போட்டதில் ஒரு படம் சரியாக வந்தது. புடவை வெள்ளையாக, மடிப்புகள் தெரிய இருந்தது. முகம் அதன் சொந்தக் கறுப்பில், கன்னத்து மேட்டில் வெயில் பட்டு மினுங்கியது. அது என் ப்ளஸ்ஸால் வந்ததா, அவள் மைனஸால் வந்ததா என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்னக்கா, நல்லா வந்துருக்குல்ல?" என்றாள். இன்றுவரை எனக்கு அது நிச்சயமில்லை.

தோழி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தாள். நாத்தனார் அதைப் பார்த்து, இவ்வளவு நல்ல படத்தை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டாளாம். வேறு நாளில் எடுத்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

வருஷங்கள் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டியபோது, கடைசிப் பக்கங்களில் சாம்பல் படங்களும் அப்படியே இருந்தன. இதையெல்லாம் எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"அதுதான அன்னிக்கு எடுத்தது" என்றாள்.