ஏழு நொங்கும் மூன்று புள்ளிகளும்: உடன்குடி முதல் தூத்துக்குடி வரை

குடலுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசியில், ஒரே வாரத்தில் இரண்டு முறை தூத்துக்குடிக்குப் போனேன். குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பதெல்லாம் அப்போது எங்கள் பக்கம் இல்லை. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைப் பின்வழியாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். முந்தின வருஷம்தான் குடலில் கட்டி வந்து என் அண்ணன் போய்ச் சேர்ந்தான். இப்போது எனக்கும் மலத்தில் ரத்தம்.

முந்தின நாள் தண்ணீராக உள்ளது மட்டும்தான் குடிக்க வேண்டும், சாயங்காலம் விளக்கெண்ணெய் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் பசியில் எரிந்து விழுந்தேன். என் மனைவி செல்லக்கனி நொங்கு வெட்டிக் கொண்டுவந்தாள்.

“தண்ணிதானங்க இது? கண்ணாடி கணக்கால்லா இருக்கு!”

எங்கள் ஊரில் நொங்கை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. தோலோடு ஏழு விழுங்கினேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். திருச்செந்தூர் வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். எக்ஸ்ரே அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி. துறைமுகச் சங்கு ஊதி நின்றதும் என் வயிற்றுக்குள் ஏதோ பதிலுக்கு ஊதியது. சிரிக்கத் தோன்றவில்லை. விளக்குப் பெட்டியில் டாக்டர் படத்தை மாட்டினார். வெள்ளைக் குடலுக்குள் மூன்று கறுப்புப் புள்ளிகள்.

“நேத்து என்னவே சாப்பிட்டீரு?”

“தண்ணி மட்டுந்தான் டாக்டர்.”

“ஏழு நொங்கு தின்னாவ, டாக்டரய்யா. தோலோட,” என்றாள் கூட வந்திருந்த செல்லக்கனி.

“அப்ப அந்தத் தோலாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். குடலச் சுத்தமாக்கிட்டு வெள்ளிக்கிழம வாரும்.”

திரும்பும் வழியில் உப்பளத்தின் வெள்ளைப் பரப்பில் மூன்று பேர் அசையாமல் நின்றிருந்தார்கள். பஸ் தாண்டும்வரை ஒருவரும் திரும்பவில்லை. எண்ணியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வடிகட்டிய இளநீர், சீனித் தண்ணீர், விளக்கெண்ணெய், அவ்வளவுதான். வெளியே போவது தெளிந்த தண்ணீராகும்வரை கிணற்றடிக்கும் கொல்லைக்கும் நடந்தேன். வெள்ளிக்கிழமை உப்பளத்தில் ஆளே இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புதுப் படத்தில் இரண்டு புள்ளிகளைக் காணவில்லை. ஒன்று மட்டும் அதே இடத்தில் இருந்தது.

கட்டிதான்; அறுத்து எடுத்துவிட்டார்கள். சின்னதாக இருக்கும்போதே வந்ததால் பிழைத்தேன். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மெல்ல வேண்டிய எதுவும் தண்ணீர் இல்லை. தின்றிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுபடி வரச் சொன்னால் போங்கள்.

அண்ணன் படத்திலும் ஒரு புள்ளி இருந்தது. “நொங்குதாம்லே அது” என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவன், இரண்டாம் முறை பஸ் ஏறவில்லை.