நாகத்தை யாரும் கேட்கவில்லை

மெஷின் தம்பிக்கு நாற்பது தாண்டி சில வருடங்கள் ஆகிவிட்டன. காதோரம் நரை, மூக்கில் கண்ணாடி, குனிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். ஆனாலும் அந்த வார்டில் அவர் தம்பிதான். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கிற டயாலிசிஸ் வார்டு அது. அங்கே மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் இவர். கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் அறுபது, எழுபது வயது. அவர்கள் கண்ணுக்கு இவர் தம்பியாகத் தெரிந்ததில் தப்பொன்றும் இல்லை.

டயாலிசிஸ் என்றால் ஏதோ அரை மணி நேரச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். அந்தக் கையை ஆட்டக்கூடாது. சுவரில் ஒரு டிவி இருந்தது. அதில் எதைப் பார்ப்பது என்று ஜன்னலோர மூன்று கட்டிலுக்கும் நடந்த சண்டையில் ரிமோட் பறந்து போய் உடைந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை மூவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மூவரையும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டில் டீச்சரம்மா, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் அலாரம் அடித்தால்கூட "யாரது சத்தம்?" என்பார். இரண்டாவது வக்கீல். கோர்ட்டை விட்டு வந்துவிட்டார், கோர்ட்தான் அவரை விடவில்லை. மூன்றாவது லாரி அண்ணன். மலைப்பாதையில் பிரேக் போன வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்திய மனுஷன், முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்.

கதை தொடங்கியதே அந்த ஊசியால்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெஷின் தம்பி சும்மா கேட்டார்: "அண்ணே, தரையே இல்லாத நாடு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தரை இல்லாம வண்டி எப்படிப்பா ஓட்டுவான்?"

"பாலம்ணே. கீழ முழுக்க மூடுபனி. மேல மலை உச்சி மட்டும்தான். உச்சிக்கு உச்சி பாலம்."

"எத்தன டன் தாங்கும்?" என்று லாரி அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு ஊசியும் உள்ளே போயிருந்தன.

அன்று பிடித்த வினை. வருடக்கணக்காக அந்த நாடு வளர்ந்துகொண்டே போனது. அங்கே ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கு அடியிலும் ஒரு நாகம் தூங்கும். அது கண் திறந்தால் வீடு கதகதப்பாகும். திறக்காவிட்டால் பனி வந்து வீட்டைத் தின்றுவிடும். இப்படி அவர் அவிழ்த்துவிட்ட ஒவ்வொன்றையும் மூவரும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மாத்திரை போட்டோமா என்பது மறந்துபோகும், மூன்றாவது உச்சியில் எத்தனை கிணறு என்பது மறக்காது. சொன்னவர் மாற்றிச் சொன்னால் தொலைந்தார்.

அந்த நாட்டில் அவர்கள் உயிரையே வைத்திருந்தது இரண்டு பேர் மேல். ஒருவன் பாலத்துக்காரன், அறுந்த பாலங்களைப் பழுதுபார்ப்பவன். எங்கே போனாலும் இடது காலை மட்டும் முன்னால் வைத்து, ஒரு அழுத்து அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பான். மற்றவன் நாகவைத்தியன், பயந்தாங்கொள்ளி, ஆனால் வாயாடி. இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள், சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள், சேர்ந்தே தப்பித்தார்கள்.

இனி மெஷின் தம்பியின் வீட்டுக்கு வருவோம். அங்கே ஒரு லிஃப்ட்காரர் இருக்கிறார். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. இருவரும் ஒரே வீட்டில் பத்து வருடமாக இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்கு அவர் 'ரூம்மேட்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன? இவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் தூங்கமாட்டார். அவர் வேலையிலிருந்து வரத் தாமதமானால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. ஊரில் இதற்கு ரூம்மேட் என்றா பெயர்?

மெஷின் தம்பியைக் கூட்டிப்போக லிஃப்ட்காரர் தினமும் வருவார். வந்தாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார். எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்பார், மழையானாலும் வெயிலானாலும். அப்படி நிற்கச் சொன்னது மெஷின் தம்பிதான்.

அவர் பயமும் நியாயமான பயம்தான். முன்பு வார்டில் ஒரு நோயாளியின் சொந்தக்காரன் யாரோ சேர்ந்து வாழ்கிற இரண்டு ஆண்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துவிட்டு, "இந்த மாதிரி ஆளுங்க கை நம்ம மேல பட்டா எப்படி இருக்கும்?" என்றான். மெஷின் தம்பியின் தொழிலே அடுத்தவர் கையைத் தொடுவதுதான். 'வேற ஆளை வரச் சொல்லு' என்று ஒரு நாள் டீச்சரம்மா கையை இழுத்துக்கொண்டால் அதைத் தாங்க அவருக்குத் தெம்பு கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை சாயந்திரம் லிஃப்ட்காரர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "என்னை வேற ஊருக்கு மாத்தறாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"வேணாம்னு சொல்லிடு" என்றார் மெஷின் தம்பி.

"எதுக்காக இங்க இருக்கேன்னு ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது? பஸ் ஸ்டாப்புக்காகவா?" லிஃப்ட்காரர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "அங்க போனா யாருக்கும் என்னைத் தெரியாது. இங்கயும் தெரியாது. ஒரு நாள் உள்ள வரேன்னு வை, என்னை யாருன்னு சொல்லுவ? மலைக்கு மலை பாலம் போடுற, ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக முடியல உன்னால."

மூவரிடமும் நேராகச் சொல்ல வாய் வராத மெஷின் தம்பி, கதையில் சொல்லி ஆழம் பார்ப்போம் என்று முடிவு செய்தார். புதன்கிழமை கடைசி மணி நேரம். லாரி அண்ணன் வழக்கம்போலக் குறட்டை. மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாலத்துக்காரனும் நாகவைத்தியனும் ஓடி ஓடிக் களைச்சுட்டாங்க. ஒரு வீடு கட்டி, ரெண்டு பேரும் அதுலயே காலம் பூரா ஒண்ணா இருக்கறதுன்னு..."

"நிறுத்து" என்றார் வக்கீல்.

மெஷின் தம்பி பாதியிலேயே நிறுத்தினார்.

"அது நடக்காது. குயவன் பொண்ணு கல்யாணத்துல நீயே சொல்லியிருக்க. ஆம்பளை நெருப்பைப் பிடிக்கணும், பொம்பளை விறகை அடுக்கணும். அப்பதான் அடுப்புநாகம் கண்ணைத் திறக்கும். ரெண்டு ஆம்பளைங்க எப்படிக் குடும்பம் நடத்த முடியும்? பனி தின்னுடும். சட்டம்னா சட்டம்தான்."

டீச்சரம்மாவும் "அவர் சொல்றது சரிதானேப்பா" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. எப்போதோ ஒரு கல்யாணத்தை அழகாக்க இவர் போகிறபோக்கில் போட்ட சட்டம் அது. இரண்டு ஆண்களுக்கு அடுப்பு எரியாது என்று சொன்னது வேறு யாருமில்லை, இவரேதான். ஆனால் அன்று இவர் காதில் விழுந்தது சட்டம் இல்லை. 'ரெண்டு ஆம்பளைங்க எப்படி' என்ற அந்த ஒரு வரி மட்டும்தான். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சைத் தேடினார், பஞ்சு அவர் கையிலேயே இருந்தது. "உடம்புக்கு என்ன?" என்று டீச்சரம்மா கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் லிஃப்ட்காரரிடம் சொன்னார்: "முடியாதுன்னுட்டாங்க."

"என்னையா?"

"இல்ல. கதையில வர்றவங்களை."

லிஃப்ட்காரர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி ஈரத்துணியால் துடைத்தார். துடைத்த பெட்டியையே பார்த்தபடி மெஷின் தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் லிஃப்ட்காரர் சொன்னது இவ்வளவுதான்: "மதியம் வழக்கம்போல எதிர்ல நிக்கறேன். உன்னைப் பார்த்துட்டு ஆபீஸுக்குப் பேசறேன்."

வார்டில் மூவரும் ஒரு தினுசாக இருந்தார்கள். எடை பார்த்தால், குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி, லாரி அண்ணன் மூன்று கிலோ கூடியிருந்தார். "தண்ணியைக் குறைங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று மெஷின் தம்பி அதட்டினார்.

"நேத்து பூரா போன் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோச்சுப்பா. டீச்சரம்மா விட்டாத்தானே!"

மூன்று மெஷினும் ஓடத் தொடங்கின. மெஷின் தம்பி கதைக்கு வாயே திறக்கவில்லை. வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் அந்த ரெண்டு பேருக்கு எதிரின்னு நினைச்சுட்டியா? சட்டத்துல ஓட்டை இருந்தா நாளைக்கு எவனாவது வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான். முன்னாடியே அடைக்கணும்னுதான் கேட்டேன். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லாம யோசிச்சும் எனக்கு வழி தெரியல. இந்த லாரிக்காரர்தான் சாட்சியைக் கொண்டுவந்தார். சொல்லுங்க சார்."

லாரி அண்ணன் ஊசி இல்லாத கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். "எனக்கு ஒரு நாள் இங்க குளிர் ஜுரம் வந்து கட்டிலே ஆடிச்சே, ஞாபகம் இருக்கா? மூணு போர்வை போட்டும் நிக்கல. நீ என் காலைத் தேய்ச்சுக்கிட்டே ஒரு கதை சொன்ன. பனிக் கணவாயில அவங்க ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க. யாரோ விட்டுட்டுப் போன வீடு. செத்துப்போன அடுப்பு. வைத்தியன் நெருப்பைப் பிடிச்சான், பாலத்துக்காரன் விறகை அடுக்கினான். அப்புறம் என்ன ஆச்சு?"

மெஷின் தம்பியின் வாய் பிளந்தது. "நாகம்... கண்ணைத் திறந்துச்சு."

"திறந்துச்சுல்ல! வீடே சூடாச்சுன்னு சொன்ன. எனக்கும் நடுக்கம் நின்னுச்சு. நான் மறப்பனா அதை?"

"ஆகவே," என்றார் வக்கீல், கோர்ட்டே எழுந்து நின்றதுபோல, "நாகம் ஆம்பளை பொம்பளை பார்க்கறதே இல்ல. ஊர்க்காரங்க பார்த்ததை வச்சு அவங்களா எழுதிக்கிட்ட சட்டம் அது. நாகத்தை யாராவது கேட்டாங்களா? ஒருத்தரும் கேக்கல!"

"அந்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கே கல்யாணம் முடிஞ்சுபோச்சு" என்று டீச்சரம்மா தீர்ப்பே எழுதிவிட்டார். "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியேப்பா! சொன்ன உனக்கே தெரியலையா?"

உண்மையிலேயே தெரியவில்லை. நடுங்குகிற ஒரு மனுஷனுக்குச் சூடாக என்ன சொல்வது என்று அன்று யோசிக்க நேரமில்லாமல், தனக்குத் தெரிந்த ஒரே கதகதப்பை எடுத்துச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. மெஷின் தம்பிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நேரம் முடிந்து ஊசிகளை எடுத்து, மூவருக்கும் பஞ்சை வைத்து அழுத்திக்கொடுத்தார். டீச்சரம்மா பஞ்சைப் பிடித்தபடியே மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, உங்க வீட்டு அடுப்புக்கு விறகு அடுக்கறது யாரு?"

சொல்லாமல் தப்பிக்க நூறு வழி இருந்தது. மெஷின் தம்பி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்கறார்ம்மா. பத்து வருஷமா நானும் அவரும்தான். ரூம்மேட் இல்ல. என் குடும்பமே அவர்தான்."

"பத்து வருஷமாவா பஸ் ஸ்டாப்புல நிக்க வச்சிருக்க?" லாரி அண்ணன் பொங்கிவிட்டார். "மனுஷனாய்யா நீ? கூப்பிடுய்யா உள்ள!"

நோயாளிகளை விட்டுவிட்டு மெஷின் தம்பி நகர முடியாது. போனை எடுத்தார். "மேல வா" என்றார்.

"எங்க?"

"வார்டுக்கு. முன்வாசல் வழியா வா."

கொஞ்ச நேரத்தில் வார்டுக் கதவு திறந்தது. வேலை உடுப்பில், கையில் கருப்பு எண்ணெய்க் கறையோடு லிஃப்ட்காரர் நின்றார். உள்ளே எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவருக்குக் கால் தயங்கியது. வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டுக்குள் நுழைந்த பழக்கம் எங்கே போகும்? இடது காலை மட்டும் உள்ளே வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

மூன்று கட்டிலிலும் தலைகள் நிமிர்ந்தன.

"ஐயோ, பாலத்துக்காரர்!" என்று லாரி அண்ணன் கத்தினார். பஞ்சு கீழே விழுந்தது. மெஷின் தம்பி ஓடிப்போய்க் கையை அழுத்தினார்.

லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இவங்களுக்கு என்னை எப்படித் தெரியும்? என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்க?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் போலிருக்கு" என்றார் மெஷின் தம்பி. "ரொம்ப வருஷமா."

லிஃப்ட்காரர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி அப்படியே நின்றார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆபீஸ். எடுத்து, மெஷின் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் வரலைங்க சார். எனக்கு இங்க வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"அப்புறம் என்ன?" என்றார் டீச்சரம்மா. "இன்னொரு காலையும் எடுத்து உள்ள வைங்க. இந்தப் பாலம் தாங்கும்."