இத்தாக் காலத்தில் குத்தகைக்குப் போன குதிரை

என் கணவர் மௌத்தானபோது வீடு எனக்குப் புதிதாகக் கிடைத்த சொத்தல்ல, அது என் சீதன வீடு. அவர் எனக்கென்று விட்டுப்போனது ஒரு வெள்ளைக் குதிரையைத்தான். கல்முனைப் பக்கம் மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துப் போக அதைத்தான் கூப்பிடுவார்கள். பெருநாளைக்குக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சோற்றில் முதல் பிடியைக் குதிரைக்குத்தான் கொடுப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, பிற ஆண்களின் முன்னால் வரக் கூடாது. குதிரைக்குப் புல் வெட்ட ஆளில்லை. அந்த நேரத்தில்தான் கணவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அவருடைய சாச்சா மகன் மாவடிப்பள்ளியிலிருந்து வந்தார். அறைக்குள் நான், சீலைத் திரைக்கு அப்பால் அவர், சாட்சிக்கு என் தம்பி.

"மதினி, இத்தா முடியுமட்டும் குத்தகைக்குத் தாங்க. கலியாணத்துக்கும் கொண்டு போறன், தீனியும் போடுறன். காக்கா என்னை நம்பித் தந்த அமானிதம் மாதிரிப் பாப்பன்."

குரல் நன்றாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஓம் என்றேன்.

குதிரை எப்படி என்று கேட்கும்போதெல்லாம் தம்பியின் போனுக்குப் படம் வரும். மாலை போட்ட குதிரை, ஜரிகைத் துணி போட்ட குதிரை. எல்லாம் என் கணவர் இருந்தபோது எடுத்த படங்கள் என்பது மூளைக்கு எட்டவில்லை. அழுது வீங்கிய கண்ணுக்கு எல்லாப் படமும் ஒன்றுதான்.

இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே தம்பியோடு ஓட்டோவில் மாவடிப்பள்ளிக்குப் போனேன். அறுவடை முடிந்த காலம். வயல் முழுக்க வைக்கோல். நடுவில் ஒரு மரத்தில் குதிரையைக் கட்டியிருந்தார்கள். கயிறு குட்டை, வைக்கோலுக்கு எட்டாது. விலா எலும்புகளை எண்ணலாம். சேணம் உரசிய இடத்தில் புண், புண் நிறைய ஈ. வாளி காய்ந்து கிடந்தது. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். மௌத்து வீட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை.

அவிழ்த்துக்கொண்டு வந்தோம். மிருக வைத்தியர் மருந்து போட்டுவிட்டு, இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் தப்பியிராது என்றார்.

குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே வாய். "குதிரைதான் வந்துட்டுதே, சபுர் செய்யி கா, பொறுத்துக்க. சொந்தத்துக்குள்ள என்னத்துக்கு வழக்கு?" பொலிசுக்குப் போனால் மானம் போகும் என்றார்கள். போனது யாருடைய மானம் என்று கேட்டேன். பள்ளிவாசல் மரைக்கார்மாரிடம் முறைப்பாடு வைத்தேன். எங்கள் ஊரில் குடும்பப் பிணக்கெல்லாம் முதலில் அவர்களிடம்தான் போகும். பொம்புளை வரத் தேவையில்லை, தம்பி கதைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரைக்குப் பின்னால் இருந்து கதைத்துப் பட்டது போதும். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் கேற்றுக்கு முன்னால் போய் நின்றேன். தொழுதுவிட்டு வந்தவர்களெல்லாம் அதன் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டினார்கள்.

சாச்சா மகனை வரவழைத்துப் பள்ளிவாசல் முற்றத்திலேயே விசாரித்தார்கள். அவர் முதலில் குதிரைக்கு நோய் என்றார். வைத்தியர் நோயில்லை, பட்டினி என்று சொன்னதை நான் சொன்னேன். பிறகு புல்லுக்குத் தட்டுப்பாடு என்றார். சுற்றிலும் வயலாக இருக்கும் மாவடிப்பள்ளியில் புல்லுக்குத் தட்டுப்பாடாம்! கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைமை மரைக்காருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லு. ஏன் பாக்கல்ல?"

அவருக்கும் சூடு ஏறிவிட்டது. "அவ இத்தாவில இரிக்கா. வந்து பாக்கவா போறா எண்டு நினைச்சன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. நான் அழவில்லை.

தலைமை மரைக்கார் தீர்ப்புச் சொல்லுமுன் என்னைப் பார்த்தார். "மன்னிப்புக் கேக்கச் சொல்லட்டா, புள்ள?"

"என்னட்ட கேட்டா நான் குடுத்திருவன், மரைக்கார். பசியில கிடந்தது நானில்ல. நாளையில இருந்து இவர் புல்லு வெட்டி, தலையில சுமந்து, எண்ட வாசலுக்குக் கொண்டு வரட்டும். இது இவர்ர கையால வாங்கித் திண்டுதெண்டா நானும் மன்னிக்கிறன்."

அதுவே தீர்ப்பானது. ஊர் பார்க்க முதல் நாள் புல்கட்டோடு வந்தபோது அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு பிடி எடுத்து நீட்டினார். குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு விலகிப் போனது.

இன்றைக்குக் காலையும் வந்தார், நீட்டினார். குதிரை வாங்கவில்லை. அவர் கேற்றைச் சாத்திவிட்டுத் தெருமுனை தாண்டிய பிறகுதான் புல்லில் வாய் வைத்தது. நாளைக்கும் வரட்டும்.